'இல்லை' என்று சொல்லும் பரிசோதனை

மூச்சுத் திணறலுடனும் நெஞ்சு வலியுடனும் ஒருவர் மருத்துவமனையின் அவசர சிகிச்சைப் பிரிவுக்கு வருகிறார். இ.சி.ஜி.யில் மாரடைப்புக்கான அறிகுறி இல்லை. எக்ஸ்-ரேயில் நிமோனியாவும் தென்படவில்லை. நுரையீரல் ரத்தக்குழாயில் உறைகட்டி அடைத்திருக்குமோ என்ற ஐயம் மருத்துவருக்கு எழுகிறது. அந்த ஐயத்தை எப்படித் தீர்ப்பது என்பது பார்வைக்கு மருத்துவத் துறைக்குள் அடங்கிய ஒரு கேள்விதான். ஆனால், பொதுச் சுகாதாரத்துக்கு ஒதுக்கப்படும் பணம் எங்கே போகிறது, சட்டம் எந்த மருத்துவரைக் காக்கிறது, காப்பீட்டுத் திட்டம் யாருக்குப் பணம் தருகிறது என்பவையும் அந்தக் கேள்விக்குள் அடங்கியுள்ளன.

இந்த நோயைக் கண்டறியாமல் விட்டால் உயிருக்கே ஆபத்து. பெரும்பாலும் காலின் ஆழமான ரத்தநாளத்தில் உருவாகும் உறைகட்டி, அங்கிருந்து பெயர்ந்து இதயத்தின் வழியாகச் சென்று நுரையீரல் ரத்தக்குழாயை அடைக்கிறது. எலும்பு முறிந்து வாரக் கணக்கில் படுக்கையில் இருந்தவர், அறுவை சிகிச்சை முடிந்து வீடு திரும்பியவர், புற்றுநோயாளி, கர்ப்பிணி, அண்மையில் பிள்ளை பெற்ற பெண் ஆகியோருக்கு இதற்கான வாய்ப்பு அதிகம். அறிகுறிகளோ மாரடைப்பு, நிமோனியா, ஆஸ்துமா, வெறும் தசை வலி ஆகிய எல்லாவற்றோடும் ஒத்துப்போகக்கூடியவை.

உறுதியாகக் கண்டறிய ஒரு வழி உண்டு. ரத்தநாளத்தில் அயோடின் கலந்த மருந்தைச் செலுத்தி சி.டி. ஸ்கேன் எடுத்துவிட்டால் உறைகட்டி இருக்கிறதா, இல்லையா என்பது பெரும்பாலும் தெரிந்துவிடும். அப்படியானால் ஐயத்துக்குரிய அனைவருக்கும் ஸ்கேன் எடுத்துவிடலாமே என்று தோன்றுவது இயல்பு. ஆனால், ஐயத்துடன் பரிசோதிக்கப்படுவோரில் பெரும்பாலோருக்கு உறைகட்டி இருப்பதில்லை. அவர்கள் எல்லோரும் கதிர்வீச்சை ஏற்க வேண்டும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும் அந்த மருந்தைத் தாங்க வேண்டும். சில ஆயிரம் ரூபாய் செலவிட வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, ஸ்கேன் இயந்திரம் இருக்கும் ஊருக்குப் போய்ச் சேர வேண்டும்.

இந்த இடத்தில்தான் டி-டைமர் என்ற எளிய ரத்தப் பரிசோதனை முக்கியத்துவம் பெறுகிறது. இந்தப் பெயர் நம் நாட்டுக்குப் புதிதல்ல. 2021 ஏப்ரல், மே மாதங்களில் கரோனா இரண்டாம் அலை வீசியபோது தில்லி முதல் குக்கிராமம் வரை படித்தவர், படிக்காதவர் என்ற வேறுபாடின்றி எல்லோர் வாயிலும் அடிபட்ட சொல் அது. லேசான பாதிப்பு உள்ளவர்களும் ஆய்வகங்களுக்கும் ஸ்கேன் மையங்களுக்கும் படையெடுத்ததைக் கண்டு, அன்றைய தில்லி எய்ம்ஸ் இயக்குநர் ரண்தீப் குலேரியா 2021 மே மாதத் தொடக்கத்தில் பகிரங்கமாக எச்சரிக்க நேர்ந்தது. கதிர்வீச்சு பற்றி அவர் கூறிய ஒப்பீட்டைக் கதிரியக்க மருத்துவர்களின் சங்கம் மறுத்ததும், அது சில நாள்கள் செய்தியாக நீடித்ததும் வாசகர்களுக்கு நினைவிருக்கலாம்.

அந்த அலையில் நாம் டி-டைமரை அறிந்துகொண்டோம். ஆனால், தலைகீழாக அறிந்துகொண்டோம். உடலில் எங்காவது உறைந்த ரத்தம் கரையும்போது வெளிப்படும் புரதத் துணுக்கே டி-டைமர். தொற்று, காயம், அறுவை சிகிச்சை, கர்ப்பம், புற்றுநோய், முதுமை என எதுவும் அதன் அளவை உயர்த்தும். எனவே அளவு கூடியிருந்தால் அதை வைத்து எதையும் உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனால், நோய்க்கான வாய்ப்பு குறைவாக உள்ள ஒருவருக்கு அளவு இயல்பாக இருந்தால் 'உறைகட்டி இல்லை' என்று துணிந்து சொல்லலாம். 'ஆம்' என்று சொல்ல வக்கற்ற இந்தப் பரிசோதனை, 'இல்லை' என்று சொல்வதில் மட்டும் நம்பகமானது. அதன் பயன் முழுவதும் அந்த ஒரு சொல்லில்தான் இருக்கிறது.

அந்தச் சொல்லை நம்புவதற்கு ஒரு நிபந்தனை உண்டு. பரிசோதனைக்கு முன்பு மருத்துவர் நோயாளியைத் தொட்டுப் பார்த்து, கேள்விகள் கேட்டு, நோய்க்கான வாய்ப்பை மதிப்பிட்டிருக்க வேண்டும். கனடா மருத்துவர் பிலிப் வெல்ஸ் வகுத்த மதிப்பெண் முறை இதற்கு உலகெங்கும் பயன்படுகிறது. ஒரு கால் வீங்கி வலியிருந்தால் 3 மதிப்பெண். மற்ற நோய்களைவிட உறைகட்டிக்கே வாய்ப்பு அதிகம் என்று மருத்துவர் கருதினால் 3. நாடித் துடிப்பு 100-ஐத் தாண்டினால் ஒன்றரை. 4 வாரங்களுக்குள் அறுவை சிகிச்சை நடந்திருந்தாலோ, தொடர்ந்து படுக்கையில் இருந்திருந்தாலோ ஒன்றரை. முன்பு உறைகட்டி வந்திருந்தால் ஒன்றரை. இருமலில் ரத்தம் வந்தால் 1. புற்றுநோய் இருந்தால் 1. கூட்டினால் 4 அல்லது அதற்குக் குறைவு என்றால் உறைகட்டிக்கு வாய்ப்பு குறைவு. அத்தகையவருக்கு டி-டைமரும் இயல்பாக இருந்தால் ஸ்கேன் வேண்டியதில்லை. இந்தக் கணக்குக்கு இயந்திரம் தேவையில்லை. 5 நிமிடம் போதும்.

இது வெறும் ஊகமன்று. நெதர்லாந்தில் 3,306 நோயாளிகளிடம் நடத்தப்பட்டு 2006-இல் வெளியான ஆய்வில், இந்த இரண்டு படிகளிலேயே 1,057 பேருக்கு, அதாவது ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு, ஸ்கேன் தேவையில்லை என்று முடிவானது. அவர்களில் சிகிச்சை ஏதும் தரப்படாத 1,028 பேரை 3 மாதங்கள் கண்காணித்தனர். உறைகட்டி ஏற்பட்டது 5 பேருக்கு; ஒருவர்கூட அதனால் இறக்கவில்லை. அதே ஆய்வில், ஸ்கேன் எடுத்து உறைகட்டி இல்லை என்று அனுப்பப்பட்டவர்களில் 1.3 சதவீதம் பேருக்குப் பின்னர் உறைகட்டி ஏற்பட்டது. அவர்கள் கூடுதல் ஆபத்து உள்ளவர்கள் என்பதால் இரண்டையும் நேருக்கு நேர் ஒப்பிடுவது முறையாகாது. ஆயினும், விலை உயர்ந்த இயந்திரமும் நூற்றுக்கு நூறு உறுதி தருவதில்லை என்பது அதிலிருந்து விளங்கும்.

பின்னர் வந்த ஆய்வுகள் இந்த முறையை மேலும் கூர்மைப்படுத்தின. முதியவர்களுக்கு டி-டைமர் இயற்கையாகவே கூடுதலாக இருப்பதால், 50 வயதைக் கடந்தவர்களுக்கு வயதைப் பத்தால் பெருக்கி வரும் எண்ணையே வரம்பாகக் கொள்ளலாம் என்று ஐரோப்பாவின் 4 நாடுகளில் நடந்து 2014-இல் வெளியான ஆய்வு காட்டியது. பொதுவான வரம்பு 500 என்றால் 70 வயதுக்காரருக்கு 700. இந்த ஒரு மாற்றத்தால், வாய்ப்பு அதிகம் என்று கருதப்படாத 75 வயதுக்கு மேற்பட்டோரில் ஸ்கேன் இன்றி நோய் இல்லை என முடிவு செய்யக்கூடியவர்கள் 6.4 சதவீதத்திலிருந்து 29.7 சதவீதமாக உயர்ந்தனர். கதிர்வீச்சைத் தவிர்க்க வேண்டிய கர்ப்பிணிகளுக்கெனத் தழுவி அமைக்கப்பட்ட மற்றொரு முறையில் 39 சதவீதம் பேருக்கு ஸ்கேன் தவிர்க்கப்பட்டதாக 2019-இல் தெரியவந்தது. ஐயம் மிகக் குறைவாக உள்ள இளவயதினரிடம் 8 கேள்விகளுக்கும் சாதகமான விடை கிடைத்தால் ரத்தப் பரிசோதனையே வேண்டியதில்லை என்பதை 2018-இல் வெளியான பிரெஞ்சு ஆய்வு உறுதி செய்தது.

நமக்கு மிகவும் பொருத்தமானது 2012-இல் வெளியான மற்றொரு நெதர்லாந்து ஆய்வு. பெரிய மருத்துவமனைகளில் அன்றி, குடும்ப மருத்துவர்களின் சிகிச்சை அறைகளில் அது நடந்தது. வெல்ஸ் மதிப்பெண்ணையும், உடனே முடிவு சொல்லும் எளிய டி-டைமர் கருவியையும் வைத்து 598 பேரில் 272 பேருக்கு நோய்க்கான வாய்ப்பு இல்லை என்று வகைப்படுத்த முடிந்தது. அவர்களில் 4 பேருக்கு நோய் இருந்தது. அது 1.5 சதவீதம், மருத்துவமனை ஆய்வுகளில் கண்டதைவிடச் சற்று அதிகம். ஆகவே 'கவலையே இல்லை' என்று மார்தட்டிக்கொள்ள இடமில்லை. ஆனால், ஸ்கேன் இயந்திரம் இல்லாத இடத்தில் எந்த மதிப்பீடும் இன்றி எல்லோரையும் அனுப்பி வைப்பதோ, எல்லோரையும் வீட்டுக்கு அனுப்புவதோ இதைவிடப் பல மடங்கு ஆபத்தானது.

ராஜஸ்தானின் பார்மரிலோ, ஒடிசாவின் மல்காங்கிரியிலோ உள்ள ஒரு சமுதாய நல மையத்தை எண்ணிப் பாருங்கள். அங்குள்ள மருத்துவருக்கு இன்று இரண்டே வழிகள். ஒன்று, ஐயத்துக்குரிய அனைவரையும் மாவட்டத் தலைநகருக்கோ, அதற்கும் அப்பாலோ அனுப்ப வேண்டும். ஒரு நாள் கூலி, வண்டி வாடகை, உடன் செல்பவரின் செலவு என்று அந்தக் குடும்பம் கடனாளியாகும். அல்லது வலி மாத்திரை கொடுத்து வீட்டுக்கு அனுப்ப வேண்டும். அதில் ஓர் உயிர் போகலாம். மதிப்பெண் முறையும் ஒரு ரத்தப் பரிசோதனையும் மூன்றாவது வழியைத் திறக்கின்றன. யார் அச்சமின்றி வீடு திரும்பலாம் என்பதுடன், யார் தாமதமின்றிப் பெரிய மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும் என்பதும் தெரிந்துவிடும். வாய்ப்பு அதிகம் என்று தெரிந்தவருக்கு, ரத்தக்கசிவு அபாயம் இல்லையெனில், ஆம்புலன்ஸில் ஏற்றும் முன்பே ஹெபாரின் ஊசி போடலாம். அந்த மருந்து தேசிய அத்தியாவசிய மருந்துகள் பட்டியலில் இருப்பதுதான்.

இவ்வளவு தெளிவாக இருந்தும் இந்த முறை ஏன் நம் நாட்டில் வழக்கமாக வேரூன்றவில்லை? முதல் காரணம் பணம். ஆயுஷ்மான் பாரத் காப்பீட்டுத் திட்டம் 2018-இல் தொடங்கியது முதல், ஆண்டுக்கு ரூ.5 லட்சம் வரையிலான சிகிச்சையை ஏழைக் குடும்பங்களுக்கு உறுதி செய்கிறது. ஆனால், அது அடிப்படையில் மருத்துவமனையில் அனுமதிக்கப்படுவோருக்கான திட்டம். அனுமதிக்குச் சில நாள்கள் முன்பு செய்த பரிசோதனைக்குப் பணம் கிடைக்கும். ஆனால், அனுமதி என்று ஒன்று இருக்க வேண்டும். நோய் இல்லை என்று கண்டறியப்பட்டு வீடு திரும்புபவர் அனுமதிக்கப்படுவதில்லை. ஆகவே நோயாளியைப் படுக்கவைத்தால் பணம் உண்டு. நோய் இல்லை என்று சொல்லி அனுப்பினால் பணம் இல்லை. நல்ல செய்தி சொல்லும் மருத்துவமனை நஷ்டப்படும் விசித்திரமான ஏற்பாடு இது.

தேசிய சுகாதார இயக்கத்தின் கீழ் 2015-இல் தொடங்கிய இலவசப் பரிசோதனைத் திட்டம் இந்த இடைவெளியை ஓரளவு நிரப்பக்கூடியது. துணை மையத்தில் 14, ஆரம்ப சுகாதார நிலையத்தில் 63, சமுதாய நல மையத்தில் 97, மாவட்ட மருத்துவமனையில் 134 எனப் பரிசோதனைகளின் எண்ணிக்கை விரிவாக்கப்பட்டுள்ளது. பட்டியலில் பெயர் இருப்பது வேறு. இரவு 11 மணிக்கு வரும் நோயாளிக்கு ஒரு மணி நேரத்துக்குள் முடிவு கிடைப்பது வேறு. மறுநாள் வரும் டி-டைமர் முடிவால் அவசர சிகிச்சையில் பயனில்லை.

இரண்டாவது காரணம் அச்சம். கட்டணம் பெற்று அளிக்கப்படும் மருத்துவ சேவை நுகர்வோர் சட்டத்துக்கு உட்பட்டது என்று 1995-இல் வி.பி. சாந்தா வழக்கில் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2023 டிசம்பரில் நாடாளுமன்றம் நிறைவேற்றி 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சம்ஹிதாவின் 106-ஆவது பிரிவு, அலட்சியத்தால் மரணம் விளைவித்தால் 5 ஆண்டுகள் வரையும், பதிவுபெற்ற மருத்துவர் என்றால் 2 ஆண்டுகள் வரையும் சிறைத்தண்டனைக்கு வழிசெய்கிறது. இந்தச் சூழலில், ஸ்கேன் எடுத்ததற்காக எந்த மருத்துவரும் நீதிமன்றம் ஏறப்போவதில்லை. எடுக்காமல் விட்டதற்காகவே ஏற நேரிடும் என்ற எண்ணம் வலுப்பெறுவதில் வியப்பில்லை. தற்காப்புக்காக எழுதப்படும் ஸ்கேன் சீட்டுக்கு விலை கொடுப்பவர் நோயாளி.

இதற்கு மாற்றும் சட்டத்துக்குள்ளேயே இருக்கிறது. ஏற்றுக்கொள்ளப்பட்ட மருத்துவ நடைமுறையைப் பின்பற்றிய மருத்துவரை, வேறொரு வழியும் இருந்தது என்ற காரணத்துக்காக மட்டுமே அலட்சியமானவர் எனக் கூற முடியாது என்று 2005-இல் ஜேக்கப் மேத்யூ வழக்கில் உச்சநீதிமன்றம் தெளிவுபடுத்தியுள்ளது. எது ஏற்றுக்கொள்ளப்பட்ட நடைமுறை என்பதை அரசே எழுத்தில் வைத்து, மதிப்பெண்ணைக் கேஸ் ஷீட்டில் பதிவு செய்வதைக் கட்டாயமாக்கினால், நேர்மையான மருத்துவருக்கு அதைவிடச் சிறந்த கவசம் வேறில்லை.

மூன்றாவது காரணம் ஆய்வகம். டி-டைமர் முடிவைத் தெரிவிக்க இரு வேறு அலகு முறைகள் உள்ளன. ஒரு முறையில் 500 என்பது மற்றொன்றில் சுமார் 250. சில ஆய்வகங்கள் மைக்ரோகிராமிலும், சில நானோகிராமிலும் எழுதுகின்றன. அலகைக் கவனியாமல் படித்தால் நோயாளியை வீட்டுக்கு அனுப்ப வேண்டிய எண், அவரை அச்சுறுத்தும் எண்ணாக மாறும். அதைவிடக் கொடிதாக, ஆபத்தான எண் இயல்பானதாகத் தோன்றும். ஆய்வகங்களுக்கான என்.ஏ.பி.எல். அங்கீகாரம் பொதுவாகக் கட்டாயமாக்கப்படாத நாட்டில் இது சிறிய விஷயமல்ல. பரிசோதனைப் பொருள்கள் மீதான ஜி.எஸ்.டி. 2025 செப்டம்பர் 22 முதல் 12-இலிருந்து 5 சதவீதமாகக் குறைக்கப்பட்டிருக்கிறது. விலை குறைப்பதில் காட்டிய அக்கறையை அலகை ஒழுங்குபடுத்துவதிலும் மத்திய அரசு காட்ட வேண்டும்.

எதிர்வாதங்களையும் ஒதுக்கிவிடக் கூடாது. இந்த மதிப்பெண் முறைகள் கனடாவிலும் ஐரோப்பாவிலும் உருவானவை. உலகின் காசநோயாளிகளில் ஏறத்தாழ கால் பங்கினர் இந்தியாவில் உள்ளனர். இருமலில் ரத்தம் வந்தால் அங்கே எழும் ஐயம் ஒன்று. இங்கே எழும் ஐயம் வேறு. காசநோயும் டி-டைமரை உயர்த்தும். இங்கே இந்த முறையால் தவிர்க்கப்படும் ஸ்கேன்களின் எண்ணிக்கை ஐரோப்பாவைவிடக் குறையக்கூடும். எனவே இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் மாவட்ட மருத்துவமனைகளை உள்ளடக்கிய ஆய்வை நடத்தி, நமக்கேற்ற வரம்புகளை வகுக்க வேண்டும். மருத்துவமனையில் ஏற்கெனவே படுத்திருப்பவர், அறுவை சிகிச்சை முடிந்த கையோடு இருப்பவர், மதிப்பெண்ணில் வாய்ப்பு அதிகம் என்று தெரிந்தவர் ஆகியோருக்கு டி-டைமரை நம்பி முடிவெடுக்கக் கூடாது என்பதையும் அழுத்தமாகச் சொல்ல வேண்டும். முதல் படியைத் தாண்டிக் குதித்து, வருவோர் போவோர்க்கெல்லாம் ரத்தப் பரிசோதனை எழுதினால் ஸ்கேன் கூடுமே தவிரக் குறையாது.

பணக்காரனுக்கு ஸ்கேன், ஏழைக்கு ரத்தப் பரிசோதனையா என்ற கேள்வியும் எழும். எழ வேண்டிய கேள்விதான். ஆனால், இந்த முறையை வளர்த்தெடுத்தவை ஸ்கேன் இயந்திரத்துக்குப் பஞ்சமுள்ள நாடுகள் அல்ல. நெதர்லாந்தும் பிரான்ஸும் கனடாவும் தம் குடிமக்களைத் தேவையற்ற கதிர்வீச்சிலிருந்து காக்கவே இதைக் கைக்கொண்டன. தில்லியின் நட்சத்திர மருத்துவமனைக்கும் மல்காங்கிரியின் சமுதாய நல மையத்துக்கும் ஒரே விதி என்று அறிவித்தால் இந்தச் சந்தேகமும் நீங்கும்.

பொதுச் சுகாதாரம் மாநிலப் பட்டியலில் உள்ளது என்று கூறி மத்திய அரசு ஒதுங்கிக்கொள்ள முடியாது. தேசிய சுகாதார இயக்கத்தின் நிதியும் ஆயுஷ்மான் பாரத்தின் விதிகளும் தில்லியில்தான் முடிவாகின்றன. செய்ய வேண்டியவை நான்கு. ஒரே பக்கத்தில் அடங்கும் நடைமுறை விதியை வெளியிட்டு, ஒவ்வோர் அவசரப் பிரிவின் சுவரிலும் அந்தந்த மாநில மொழியில் ஒட்ட வேண்டும். ஒரு மணி நேரத்துக்குள் டி-டைமர் முடிவு கிடைப்பதை முதல் நிலைப் பரிந்துரை மருத்துவமனை வரை உறுதி செய்து, அலகை ஒன்றாக்க வேண்டும். நோய் இல்லை என்று முடிவு செய்து அனுப்பப்படுபவரின் பரிசோதனைச் செலவையும் காப்பீடு ஏற்க வேண்டும். அப்படி வீடு திரும்பியவர்களை 3 மாதங்களுக்குள் தொலைபேசியில் அழைத்து நலம் விசாரிக்க வேண்டும். ஐரோப்பிய ஆய்வுகளின் நம்பகத்தன்மை முழுவதும் அந்த 3 மாதக் கண்காணிப்பில்தான் நின்றது. அதைச் செய்யாமல் அவர்களின் எண்களை மட்டும் இரவல் வாங்குவது ஏமாற்று வேலை.

நாடாளுமன்றத்தின் கேள்வி நேரத்தில் சுகாதாரத் துறையின் முறை வரும்போது, எங்கள் தொகுதிக்கு ஸ்கேன் இயந்திரம் எப்போது வரும் என்ற கேள்வி கட்சி வேறுபாடின்றி எழுகிறது. அது நியாயமான கேள்வியே. வந்த இயந்திரத்தில் எத்தனை பேருக்குத் தேவையின்றி ஸ்கேன் எடுக்கப்பட்டது, இயந்திரமே தேவைப்படாமல் எத்தனை பேர் பத்திரமாக வீடு திரும்பினர் என்ற கேள்விகளும் அதனுடன் சேர வேண்டும். இயந்திரத்தைத் திறந்து வைக்க அமைச்சர் வருவார், கல்வெட்டு இருக்கும். எடுக்கப்படாத ஸ்கேனுக்குக் கல்வெட்டு கிடையாது. அதற்காகவும் வாதாடுபவரே மக்கள் பிரதிநிதி.